காதணி விழாச் சீர்த்தட்டில் வீட்டில் தைத்த பாவாடை சட்டையை வைக்கலாமா?

வண்டியூர் மாமன்:

ஆவணி மாதம் அழகர்கோவிலில் என் அக்கா மகளுக்கு முடியிறக்கிக் காது குத்துகிறார்கள். பிள்ளைக்கு மூன்று வயது. தாய்மாமன் நான் ஒருவன்தான். மடியில் உட்கார வைப்பது முதல் சீர் கொண்டுபோவது வரை என் பொறுப்பு. தங்கத் தோடு, அக்காவுக்குப் பட்டுச்சேலை, அத்தானுக்கு வேட்டி சட்டை எல்லாம் முடிவாகிவிட்டது. பிள்ளையின் பட்டுப்பாவாடை சட்டையை மட்டும் நானே தைக்க வேண்டும் என்று ஆசை. அம்மாவின் மிதி மெஷினில் தையல் கற்றவன் நான். அம்மாவுக்கு ஜாக்கெட், பிள்ளைகளுக்கு அரைக்கால் சட்டை, ஜன்னல் திரை எல்லாம் தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பட்டு மட்டும் இதுவரை தைத்ததில்லை.

பெரியம்மா ஒத்துக்கொள்ள மறுக்கிறார். மேளதாளத்தோடு பத்துப் பேர் தட்டு ஏந்திப் போகும்போது மாமன் வீட்டுத் துணி கடைப்பெட்டியோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செலவுக்கு அஞ்சினான் என்ற பேச்சு வரும் என்கிறார். எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வீட்டில் தைத்ததைச் சீராக வைப்பது முறையா? பட்டில் கை வைக்கும் முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

மேலூர் மருமகள்:

உங்கள் பெரியம்மா சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். சீர் என்பது உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவே மட்டும் நடக்கிற காரியம் இல்லை. தட்டு இறக்கிய உடனேயே கடைப்பெயரைப் பார்க்கிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். நீங்கள் சீர் இறக்கிவிட்டு அன்று மாலையே வண்டியூர் திரும்பிவிடுவீர்கள். அந்த வீட்டில் இருந்து பேச்சுக் கேட்கப்போவது உங்கள் அக்கா. அவரிடம் கேட்டீர்களா? அவர் மனதார ஒப்புக்கொண்டால் நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் திடீரென்று கொண்டுபோய் வைப்பதாக இருந்தால் வேண்டாம்.

திருநகர் அம்மாச்சி:

மேலூர்ப் பெண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அக்காவிடம் கேட்டுவிடு தம்பி. ஆனால் முறையா என்று கேட்டாயே, அதற்கு என் பதில்: முறைதான். பிள்ளை பிறந்த வீட்டில் முதல் துணியே கையால் தைத்ததுதானே? புதுத்துணி உடனே போடக்கூடாது என்று, பலமுறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போய் மெத்தென்று ஆகிவிட்ட தாத்தாவின் வேட்டியை எடுத்துக் கிழிப்போம். அதில் ஜபலா தைப்போம். பொத்தான் கிடையாது, நாடாதான்; பிள்ளை பிடித்து இழுத்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. தையலின் பிசிறு வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி விடுவோம், பச்சை உடம்பில் உறுத்தக் கூடாது என்பதற்காக. தூளி கட்டுவது என் பழைய நூல் சேலை. என் பேரப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் என் கையால் தைத்த ஜபலாதான் முதல் உடை. இதையெல்லாம் யாரும் செலவுக்கு அஞ்சியதாகச் சொன்னதில்லை. பிறந்த பிள்ளைக்கு ஆகிவந்தது மூன்று வயதில் ஆகாமல் போகுமா?

அக்காவின் தட்டில் கடைச்சேலை இருக்கட்டும், தோடு இருக்கட்டும். பிள்ளையின் தட்டு உன் உரிமை. யாராவது கேட்டால், 'மாமன் தைத்தது' என்று நிமிர்ந்து சொல்.

பழைய புதுமண்டபம்:

நான் மதுரை மீனாட்சி கோவிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்தவன். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. எங்கள் காலத்தில் அது தையற்காரர்களின் இடமாகவே இருந்தது. இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தொம்பை, வாசமாலை போன்ற துணித் தொங்கல்கள், சாமிக்கு வஸ்திரம் என்று ஆண்டு முழுவதும் கோவில் வேலை இருக்கும். சித்திரை நெருங்கிவிட்டால், வைகையில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச வேடம் போடுகிறவர்களுக்கு வெல்வெட்டில் சல்லடம் என்கிற அரைக்கால் உடையும் ஜிகினா வைத்த சட்டையும் தைப்போம். அப்போது வீட்டிலேயே தைத்த உடையை எடுத்துவந்து, 'கழுத்தை மட்டும் சரிசெய்து கொடுங்கள்' என்று கேட்கிற தாய்மார்களையும் பார்த்திருக்கிறேன். நேர்த்திக்கடனுக்குப் போடுகிற உடையையே வீட்டில் தைத்துப் போடுகிற ஊர் இது. மருமகளுக்கு மாமன் தைத்த பாவாடையில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இனி வேலைக்கு வருவோம். எந்த உடையைக் கையில் வாங்கினாலும் நான் முதலில் உட்புறத்தைத்தான் புரட்டிப் பார்ப்பேன். ஆயத்தமாக விற்கிற குழந்தைப் பாவாடை சட்டைகளில் பெரும்பாலும் தையலுக்கு உள்ளே கால் அங்குலம்தான் விட்டிருப்பார்கள். அதையும் வெட்டிப் பிசிறு வராமல் ஓவர்லாக் அடித்திருப்பார்கள். பிரித்துவிட இடமே இருக்காது. பிள்ளை வளர்ந்தால் துணி புதிதாகவே பெட்டிக்குள் போய்விடும். வீட்டில் தைக்கிறவருக்குத் துணியை உள்ளே விட்டுத் தைக்க யாரும் தடை சொல்லப் போவதில்லை. மாமன் தைத்ததற்குக் கடைத்துணியை விட மதிப்பு கூடுவது இந்த இடத்தில்தான்.

மூன்று வயதுக்கு மேல் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் இடுப்புக்குக் கீழே. ஆகவே பாவாடையின் உட்புறம், ஜரிகைக் கரைக்குச் சற்று மேலே, இரண்டு டக், அதாவது துணியை மடித்துத் தைக்கிற மடிப்பு, பிடியுங்கள். ஒவ்வொன்றும் ஓர் அங்குல ஆழம் இருந்தால், ஒன்றைப் பிரித்தால் இரண்டு அங்குல நீளம் கிடைக்கும். இரண்டையும் பிரித்தால் நான்கு. இரண்டு ஆண்டுகள் தாராளமாகப் போடலாம். இந்த டக்கை மட்டும் மெஷினில் அடிக்காதீர்கள். பட்டில் மெஷின் ஊசி போட்ட துளை பிரித்த பிறகும் வரிசையாகத் தெரியும். கைஊசியில் ஒற்றை நூல் கோத்து, நீள நீளமான ஓட்டுத் தையல் போதும். பிரிக்கிற அன்று நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் வந்துவிட வேண்டும்.

பாவாடைக்கு நாடா கோக்க வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு இடுப்பில் நாடா நிற்காது, இறுக்கிக் கட்டினால் தடம் விழுந்து அழும். மேலே மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் கையில்லாத பாடி வைத்து, பாவாடையை அதில் கொசுவம் பிடித்து இணைத்துவிடுங்கள். பாரம் தோளில் நிற்கும். சுற்றளவுக்கு இடுப்பைப் போல் மூன்று மடங்கு துணி எடுங்கள். இருபது அங்குல இடுப்பென்றால் அறுபது அங்குலம், அதாவது ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலே. அதற்கு மேல் வைத்தால் இடுப்பில் கொசுவம் திரண்டு பிள்ளை உட்காரும்போது உறுத்தும்.

பாடியிலும் சட்டையிலும் பக்கத் தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் முன்துண்டில் ஓர் அங்குலம், பின்துண்டில் ஓர் அங்குலம் விடுங்கள். பிற்பாடு சுற்றளவில் மூன்று அங்குலம் வரை பிரிக்கலாம். கைக்குழி வளைவில் மட்டும் அப்படி விட முடியாது. அங்கே அரை அங்குலம் விட்டு, வளைவில் கத்திரி முனையால் சிறு வெட்டுகள் போடுங்கள், இல்லாவிட்டால் அக்குளில் சுருட்டிக்கொண்டு நிற்கும்.

மல் துணியைத் தைக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். பட்டை நனைக்க முடியாது. உள்ளே லைனிங்காக வைக்கிற மல் துணியை நனைக்காமல் தைத்துவிட்டால் முதல் சலவையில் அது சுருங்கும், பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது, சட்டை முழுவதும் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். பட்டுக்கு 11 ஆம் நம்பர் ஊசி. ஜரிகையில் ஓட்டினால் ஊசிமுனை சீக்கிரம் மழுங்கும், மழுங்கிய ஊசி பட்டிழையை இழுத்துவிடும். கரையைத் தைத்து முடித்ததும் ஊசியை மாற்றிவிடுங்கள். கரை மடிந்து தடித்த இடத்தில் மிதிக்காதீர்கள், சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக ஏற்றுங்கள். குண்டூசி குத்துவதானால் தையலுக்கு விட்ட ஓரத்துக்குள் மட்டும் குத்த வேண்டும். சாக்குக்கட்டி உட்புறம் மட்டும்.

அளவுக்குப் பிள்ளையைத் துரத்த வேண்டாம். அக்காவிடம் இப்போது போடுகிற சட்டை ஒன்றை அளவுச்சட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

உசிலை ஆசிரியை:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் மகளின் பட்டுச்சட்டையைப் புரட்டிப் பார்த்தேன். கால் அங்குலம்கூட இல்லை.

காது குத்துகிற நாளைப் பற்றி ஒரு தாயாக நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. குழந்தைச் சட்டைகளுக்குப் பெரும்பாலும் முதுகில்தான் ஊக்கு வைக்கிறார்கள், கழுத்தும் சிறியது. காது குத்தின பிறகு அந்தச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது புதுத்தோட்டில் துணி மாட்டுகிறது. என் மகளுக்குக் கழுத்தில் வைத்திருந்த நெட் லேஸ் தோட்டின் திருகில் சிக்கிக்கொண்டது. அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. புண் ஆற நாளானது. பிள்ளை மாமன் மடியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது முதுகு ஊக்குகளும் அழுத்தும். தம்பி, சட்டையை முன்பக்கம் முழுத் திறப்பாகத் தையுங்கள். கழுத்திலும் தோளிலும் லேஸ், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம். ஆசைப்பட்டால் கையின் கீழ் ஓரத்தில் கரையை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. மொட்டை போட்டுக் குளிக்க வைத்ததும் மாமன் துணியைத்தான் போடுவார்கள், அதற்குப் பிறகுதான் தலையில் சந்தனம் பூசுவார்கள். ஆவணி வெயிலில் வியர்வையோடு சேர்ந்து அது வழிந்து பிடரிக்குத்தான் வரும். பட்டில் சந்தனக் கறை பட்டால் எளிதில் போகாது. கழுத்தைச் சுற்றி உட்புறம் மல் துணியில் இரண்டு அங்குல அகலப் பட்டை ஒன்றைத் தனியாகத் தைத்து, நான்கு இடத்தில் கைத்தையலாக மட்டும் பிடித்துவிடுங்கள். அன்று மாலை அதைப் பிரித்துத் துவைத்துவிடலாம்.

சுங்குடி வீட்டுப்பெண்:

சீருக்குப் பட்டு இருக்கட்டும், எனக்கும் சம்மதமே. ஆனால் அழகர்கோவில் மண்டபத்தில் அந்தக் கூட்டத்திலும் வெக்கையிலும் மூன்று வயதுக் குழந்தை பட்டில் எவ்வளவு நேரம் தாங்கும்? காது குத்தி முடித்ததும் மாற்றுவதற்கு ஒரு சுங்குடிப் பாவாடை சட்டை தைத்துக் கொண்டுபோங்கள். பருத்தி என்பதால் வியர்வையை இழுத்துக்கொள்ளும், அழுதுகொண்டே தூங்கினாலும் கசகசக்காது.

எங்கள் வீட்டில் பாட்டி காலம் வரை சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிற வேலை இருந்தது. துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் சுற்றிக் கட்டி, சாயத்தில் போட்டு, காய்ந்த பிறகு பிரிப்பார்கள். சௌராஷ்டிரர் வீடுகளில் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்த வேலை இது. 2005 இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கடைகளில் அந்தப் பெயரில் தொங்குவதில் பெரும்பகுதி அச்சு. அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருக்கும், துணியும் வழவழவென்று தட்டையாக இருக்கும். முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் சற்றே முன்பின்னாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றித் துணி மேடு தட்டியிருக்கும், விரலால் தடவினாலே தெரியும். பிள்ளைக்கு அன்பளிப்பாகத் தைப்பதென்றால் அலைந்தாவது முடிச்சுச் சுங்குடியே வாங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வாங்குகிறவர் இருந்தால்தான் முடிச்சுப் போடுகிற கைகளும் இருக்கும்.

வெட்டும் முன் துணியை நனைத்து எடுக்க வேண்டும், மீட்டருக்கு ஓர் அங்குலத்துக்கு மேலும் சுருங்குவது உண்டு. ஈர வெள்ளைத்துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஒட்டாத வரை தனியாக அலசிவிட்டுப் பிறகு தையுங்கள். இஸ்திரி போட்டு அந்த மேட்டை அமுக்கிவிடாதீர்கள்.

வண்டியூர் மாமன்:

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் பேசிவிட்டேன். மேலூர்ச் சகோதரி கேட்டது சரியான கேள்வி; அதைக் கேட்காமல் நான் துணி எடுத்திருக்க மாட்டேன். அக்கா உடனே ஒப்புக்கொண்டது மட்டுமல்ல, தன் மாமியாரிடமும் அப்போதே சொல்லிவிட்டது. அந்த அம்மா, 'டக் பிடித்துத் தைக்கச் சொல், எங்கள் காலத்தில் அப்படித்தான் தைப்பார்கள்' என்றாராம். பழைய புதுமண்டபத்து ஐயா எழுதியதையே அவரும் சொன்னது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. அளவுச்சட்டை வந்துவிட்டது.

விளக்குத்தூண் பக்கம் போய்ப் பாவாடைக்கு ஒரு பக்கக் கரை வைத்த அரக்குப் பட்டும், சட்டைக்கு மாம்பழ மஞ்சளும் எடுத்திருக்கிறேன். முடிச்சுச் சுங்குடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பட்டுக்கு மெஷினில் தையல் நீளத்தை எவ்வளவு வைக்கலாம் ஐயா?

பழைய புதுமண்டபம்:

அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல். அதற்கு மேல் நெருக்கினால் பட்டில் துளைகள் வரிசையாகச் சேர்ந்து, இழுபடுகிற இடத்தில் கிழியும். வெட்டிய துண்டில் ஒரு கீற்றை எடுத்து அதில் ஓட்டிப் பார்த்து, நூல் இறுக்கத்தைச் சரிசெய்துகொண்டு பிறகு துணியில் கை வையுங்கள்.

மேலூர் மருமகள்:

மாமியாரே கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு எனக்கு என்ன மறுப்பு இருக்கப்போகிறது? மனம் நிறைந்துவிட்டது. இப்போது என் பங்குக்கு ஒரு யோசனை. கடைப்பெட்டி இல்லையே என்பதுதானே உங்கள் பெரியம்மாவின் வருத்தம்? சட்டைத்துணியில் மிஞ்சுகிற மஞ்சள் பட்டில் ஓர் உறை தைத்து, பாவாடை சட்டையை மடித்து அதில் வைத்துத் தட்டில் ஏற்றுங்கள். பத்துத் தட்டில் கண் அங்கேதான் போகும்.

அப்படியே, வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்கிற பையையும் வீட்டிலேயே தைத்துவிட முடியுமா? என் கொழுந்தனார் மகளுக்கும் தை மாதம் காதணி விழா வருகிறது, எனக்கும் உதவும்.

அவனியாபுரம் சித்தி:

முடியும். நான் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் மஞ்சப்பைதான் தைத்துக் கொடுக்கிறேன். அரசாங்கம் 2021 இல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்த பிறகு கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

கணக்கைச் சொல்கிறேன், அப்படியே வெட்டுங்கள். காடாத்துணி 44 அங்குலப் பன்னா (அகலம்), ஒரு மீட்டர் நீளம். நீளத்தில் முதல் 27 அங்குலத்தைத் தனியாக வெட்டி, அதை அகலவாக்கில் 11 அங்குலமாக நான்காகப் பிரித்தால் நான்கு பைகளுக்கான துண்டு. மிச்சமிருக்கிற 12 அங்குலத்தை மூன்று மூன்று அங்குலக் கீற்றாக நான்கு வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் இரண்டாக்கினால் எட்டுக் காது, அதாவது பையின் கைப்பிடி. நான்கு பைக்கும் இரண்டிரண்டு வந்துவிட்டது. குப்பைக்குப் போகிற துணியே இல்லை.

27 அங்குலத் துண்டின் இரண்டு முனையிலும் ஒன்றரை அங்குலம் மடித்து அடித்துவிட்டு, பாதியாக மடித்து இரு பக்கமும் தைத்தால் பத்துக்குப் பன்னிரண்டு பை. காதை மடிப்புக்குள் செருகி, பெட்டி போலச் சதுரமாக அடித்து நடுவில் குறுக்காக ஒரு தையல் போடுங்கள். தேங்காய் வைத்துத் தூக்குகிற பை அது. நேர்த்தையல் ஒன்று மட்டும் இருந்தால் காது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஊசி 16 ஆம் நம்பர். பேர் அச்சடிக்காமல் விட்டுவிடுங்கள். பேர் இல்லாத பையைத்தான் ஜனங்கள் மறுபடி மறுபடி காய் வாங்க எடுத்துப்போகிறார்கள்.

திருநகர் அம்மாச்சி:

அச்சு வேண்டாம் என்பது நல்ல வார்த்தை. சுங்குடியில் துண்டு மிஞ்சினால் எறிந்துவிடாதே தம்பி. பிள்ளைக்கு ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடு. காது குத்தின அன்று எல்லோரும் கையில் காசு திணிப்பார்கள், அதைப் போட்டுவைக்க.

வண்டியூர் மாமன்:

அம்மாச்சி, சுருக்குப்பை கட்டாயம் உண்டு. முடிச்சுச் சுங்குடி நேற்றுக் கிடைத்துவிட்டது, கருநீலம். தடவிப் பார்த்தே வாங்கினேன்.

பாடி தைத்து முடித்துப் பாவாடையை இணைத்துவிட்டேன். டக் இரண்டும் கைத்தையல்தான். உட்புறத்தைப் புரட்டிக் காட்டியபோது பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரைக்கு எம்மிங் செய்யும் வேலையைத் தானே வாங்கிக்கொண்டார். சட்டையில் ஒரே ஒரு சந்தேகம் நிற்கிறது. முன்திறப்புக்குக் காஜா (பொத்தான் துளை) எடுத்துப் பொத்தான் வைப்பதா, ஊக்கா, பிரஸ் பட்டனா?

பழைய புதுமண்டபம்:

பிரஸ் பட்டன். அழுகிற பிள்ளையின் சட்டையை ஒரு கையால் கழற்ற வேண்டியிருக்கும். ஊக்கு என்றால் அதன் வளைந்த முனை பட்டில் மாட்டும். காஜாவுக்குப் பட்டை வெட்டினால் பிசிறு விடும். பிரஸ் பட்டனை அப்படியே பட்டில் தைத்தால் இழுக்கும்போது துணியோடு வரும். ஆகவே முன்பட்டிக்குள் முழு நீளத்துக்கும் கேன்வாஸ் கொடுத்து, நூல் அதிலும் ஏறும்படி தையுங்கள். கழுத்தருகே முதல் பட்டனை மேல் ஓரத்திலிருந்து அரை அங்குலம் இறக்கி வையுங்கள், தொண்டையில் படாது. மேலே அழகுக்குப் பொத்தான் வேண்டுமென்றால் தட்டையானதாக, இரட்டை நூலில்.

வண்டியூர் மாமன்:

அப்படியே செய்கிறேன் ஐயா. கேன்வாஸ் வீட்டில் இருக்கிறது. நாளைக் காலையில் பட்டியை வெட்டிவிடுகிறேன்.